சக்கரத்தில் ஏறிய வீடு

பங்குனி மாதத்து வெயில் சாயத் தொடங்கிய ஒரு பிற்பகல். கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் சாலையில், அஞ்சுகிராமம் சந்திப்பைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அந்த வண்டி நின்றிருந்தது. லாரியும் அல்ல, பேருந்தும் அல்ல. வெள்ளை நிறம், ஐரோப்பிய எண் பலகை, பக்கவாட்டில் திரை போட்ட சன்னல்கள். பின்வாசலில் இறக்கிவிடப்பட்ட சிறு படிக்கட்டில் எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி அமர்ந்து நுங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, வரிசையாகப் புத்தகங்கள். தொலைவில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

எதிரே தேநீர்க்கடையில் விவாதம் தொடங்கிவிட்டது. என்ன விலை இருக்கும்? கோடிக்குக் குறையாது என்றார் ஒருவர். அவ்வளவு பணத்துக்கு இவர்கள் எங்கே போவார்கள் என்றார் இன்னொருவர். மூலையில் இருந்த முதியவர் குவளையை வைத்துவிட்டுச் சொன்னார்: "வீட்ட வித்திருப்பாவ ஓய். இல்லாட்டா இப்பிடி வீட்டயே தூக்கீட்டு வருவாவளா?"

நான் சென்று பேசினேன். முதியவர் சொன்னதே சரி. ஓய்வு பெற்ற பிறகு நகரத்திலிருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தின் பெரும்பகுதியில் இந்த வண்டியை வாங்கியிருந்தார்கள். மிச்சத்தின் வட்டியும் ஓய்வூதியமும் டீசலுக்கும் உணவுக்கும். கடைக்குத் திரும்பி இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. "பொறவு திரும்பிப் போனா எங்க போவாவ?" என்றார்.

அந்தக் கேள்வி என்னுடன் வீடுவரை வந்தது. அதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், தன் வருமானத்துக்கு மீறிய ஒரு வண்டியை மனிதர்கள் எப்படித்தான் வாங்குகிறார்கள் என்ற எளிய வினாவை வரலாற்றில் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

சக்கரத்தின் மேல் வீடு என்பது முதலில் ஏழைகளின் ஏற்பாடு. ஐரோப்பாவில் ஜிப்சிகளும் ஊர் ஊராகக் காட்சி நடத்துபவர்களும் குதிரை வண்டிகளில் குடியிருந்தார்கள். ராஜஸ்தானத்தின் காடுலியா லோகார் என்ற கொல்லர் இனத்தார், 1568இல் சித்தூர்க்கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது அது மீட்கப்படும்வரை கூரையின் கீழ் வாழ்வதில்லை என்று தங்கள் முன்னோர் சபதம் செய்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். தலைமுறைகளாக மாட்டுவண்டியையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார்கள். 1955இல் நேரு அவர்களைச் சித்தூர்க்கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். அவர்களிடம் யாரும் இந்த வண்டியை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள். வேறெதுவும் இல்லாததால் அது இருந்தது.

இதே ஏற்பாடு ஆடம்பரமாக மாறியதற்கு ஒரு ஆண்டைச் சுட்ட முடியும். 1885இல் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கப்பற்படை மருத்துவர், சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதிப் புகழ்பெற்றவர், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென ஒரு வண்டி செய்யச் சொன்னார். 'வாண்டரர்' என்று பெயர். மாகனி மரம், இரண்டு குதிரைகள், ஏறத்தாழ இரண்டு டன் எடை. முன்னால் மூன்று சக்கர மிதிவண்டியில் ஒரு பணியாள் சென்று பாதை சொல்ல, அவர் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்துவரை பயணம் செய்தார். பார்த்ததைப் புத்தகமாகவும் எழுதினார். பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதல் வீட்டுவண்டி என்று அதைச் சொல்கிறார்கள். வண்டி பயணத்தைத் தந்தது, பயணம் புத்தகத்தைத் தந்தது. வண்டியே தன் செலவில் ஒரு பகுதியை ஈட்டித் தர வைப்பது என்ற உத்தி இன்றும் வழக்கில் உள்ளது.

*

நாஞ்சில்நாட்டில் அந்த இடத்தை வகித்தது வில்வண்டி. இன்று அதைத் திரைப்படங்களில் மட்டுமே பார்த்திருப்பவர்களுக்கு அது ஒரு பழைய அழகுப்பொருள். ஆனால் அந்நாளில் அது ஒரு பெரிய முதலீடு. வண்டி என்பது ஒரே பொருள் அல்ல. குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி, இரும்புப் பட்டா, நுகத்தடி, ஏர்க்கால், வில், கூண்டு என்று ஒவ்வொன்றுக்கும் மரமும் இரும்பும் தேடவேண்டும். தச்சரும் கொல்லரும் மாதக்கணக்கில் வேலை செய்யவேண்டும். அதன்பின் பொருத்தமான இரு காளைகள். அதன்பின் நாள்தோறும் வைக்கோலும் பருத்திக்கொட்டையும் தவிடும். வண்டியை வாங்குவதைவிட வைத்துக்கொள்வதே கடினம் என்று சொல்வார்கள். ஐரோப்பியத் தம்பதியர் டீசலைப் பற்றி என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதே சொற்கள்.

அந்த வண்டி வீடாகவும் இருந்தது. சுசீந்திரம் மார்கழித் தேருக்கும், மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்கும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும், திருச்செந்தூருக்கும் குடும்பங்கள் வண்டி கட்டிச் சென்றன. அரிசி, புளி, செம்புப் பானை, பாய், மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் ஏறும். இரவில் பெண்களும் குழந்தைகளும் கூண்டுக்குள், ஆண்கள் வண்டிக்கு அடியில். சத்திரம் கிடைக்காத ஊரிலும் வண்டி இருந்தால் கூரை உண்டு.

அஞ்சுகிராமம் அன்று திருவிதாங்கூரின் தென்கிழக்கு எல்லையோர ஊர். பெயரிலேயே அஞ்சு ஊரைச் சுமந்துகொண்டிருந்தாலும், பேச்சிப்பாறைத் தண்ணீரின் கடைமடைப் பக்கம் அது. மேற்கே போனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளையும் வயல்கள். கிழக்கே போனால் பனங்காடும் செம்மண்ணும், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த திருநெல்வேலிச் சீமையும். மேற்கே 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். கிழக்கே செல்லும் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். மேற்கே அஞ்சல், கிழக்கே தபால். வண்டி வைத்திருப்பவன் இரண்டு உலகங்களுக்கு நடுவே நெல்லையும் கருப்பட்டியையும் ஏற்றிப் பிழைக்க முடியும். ஆக அது வெறும் கௌரவம் அல்ல, கணக்கும்கூட. கணக்கு என்று சொல்லிக்கொண்டே கௌரவத்துக்காக வாங்கினார்கள் என்பதே சரியாக இருக்கும்.

*

பணம் எங்கிருந்து வந்தது? இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது ஒற்றி. நிலத்தை விற்பதில்லை, ஒப்படைப்பது. கடன் கொடுத்தவர் வயலை வைத்துக்கொண்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார். அதுவே வட்டி. அசலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வயல் திரும்பும். காகிதத்தில் பார்த்தால் மிக நியாயமான ஏற்பாடு. ஆனால் அசலை ஈட்டித் தரவேண்டிய வயல் அடுத்தவர் கையில் இருக்கிறது. வயலும் இல்லாமல் அசலைச் சேர்ப்பது எப்படி? அதனால்தான் ஒற்றிக்குப் போன நிலங்களில் பல திரும்பவேயில்லை.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி வழக்கிலிருந்தவரை குடும்பச் சொத்தைத் தனி ஒருவர் விருப்பம்போல் பிரிக்க முடியாது. காரணவர் கையில் அது கூட்டுச் சொத்து. அதன் அவலங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலில் எள்ளிநகையாடியதை வாசகர்கள் அறிவார்கள். கொல்லம் 1101ஆம் ஆண்டு, அதாவது 1926ஐ ஒட்டி, நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து பாகம் பிரிக்க வழிவிட்டது. பெரும் விடுதலை அது. அதன் மறுபக்கம், ஒவ்வொருவர் கையிலும் தனியாக அடகு வைக்கத்தக்க ஒரு துண்டு நிலம் முதன்முறையாக வந்து சேர்ந்தது. சுதந்திரமும் கடனும் ஒரே பத்திரத்தில் வந்தன என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது வழி சிட்டி. மற்ற ஊர்களில் சீட்டு என்பார்கள், கொச்சியில் குறி. திருவிதாங்கூரில் இது எத்தனை பரவியிருந்தது என்பதற்கு, கொல்லம் 1094இலேயே (1918-19) அரசு இதற்கென ஒரு சட்டம் இயற்றியதே சான்று. அறுப்புக்கு அறுப்பு நெல்லாகவே கட்டும் சீட்டுகளும் உண்டு. சிலவற்றில் நறுக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சிலவற்றில் ஏலம்.

ஏலத்தின் கணக்கு அழகானது. இருபது பேர், மாதம் ஐம்பது ரூபாய், இருபது மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஆயிரம் சேரும். அவசரம் உள்ளவர் 250 ரூபாய் தள்ளி 750க்கு எடுக்கிறார். தள்ளிய 250இல் சீட்டு நடத்துபவருக்கு 50. மீதி 200ஐ இருபது பேருக்கும் பகிர்ந்தால் தலைக்குப் பத்து. ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் நாற்பது கட்டினால் போதும். ஒருவரின் அவசரம் மற்றவர்களுக்கு வட்டி. மகளின் திருமணத்துக்கும் வண்டிக்கும் விதைநெல்லுக்கும் ஒரே பானையிலிருந்து பணம் கிடைத்தது. எடுத்தவர் மீதி மாதங்களுக்கு ஜாமீன் தரவேண்டும். ஊரில் அவருடைய பெயரே பெரிய ஜாமீன். ஒரு மாதம் தவறினால் சந்தையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

ஒற்றியையும் சிட்டியையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு புலப்படும். ஒற்றியில் ஒருவன் தன் இறந்தகாலத்தை, முன்னோர் தந்ததை, கொடுத்து வண்டி வாங்குகிறான். சிட்டியில் தன் எதிர்காலத்தை, இனி உழைக்கப்போவதை, பலரோடு சேர்ந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறான்.

*

1938 திருவிதாங்கூருக்கு விசித்திரமான ஆண்டு. பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து நிர்வாகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சால்டர் என்பவர் அதற்குப் பொறுப்பு. முதல் பேருந்தில் மன்னரே பயணம் செய்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியது. முந்தைய ஆண்டுதான் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான பெருவங்கி அது. சேமிப்பை அதில் வைத்திருந்தவர்கள் நொடித்தார்கள். ஒரே ஆண்டில் பேருந்து வந்து வில்வண்டியின் தேவையைக் குறைக்கத் தொடங்கியது, வங்கி வீழ்ந்து காகிதப் பணத்தின் மீதிருந்த நம்பிக்கையைக் குறைத்தது. மக்கள் மீண்டும் சிட்டியிடமும் நிலத்திடமும் திரும்பியதில் வியப்பில்லை.

எல்லைக்கு அந்தப்புறம், அஞ்சுகிராமத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் திருக்குறுங்குடி என்ற ஊர் இருக்கிறது. 1877இல் அங்கே பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1912இல் அவர் தொடங்கிய பேருந்துத் தொழில் டி.வி.எஸ். என்ற பெருநிறுவனமாக வளர்ந்தது எல்லாரும் அறிந்தது. நம் வினாவுக்கு முக்கியமானது அவருடைய மகன் டி.எஸ். சந்தானம் 1954இல் இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தில் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ். வண்டி வாங்கக் கடன் தருவதே அதன் தொழில்.

தவணைக் கொள்முதல் என்ற முறையின் மையம் எளிய ஒரு தலைகீழாக்கம். ஒற்றியில் வண்டிக்காக நிலத்தை ஒப்படைத்தான். தவணை முறையில் வண்டிக்காக வண்டியையே ஒப்படைக்கிறான். கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி அது நிதி நிறுவனத்தின் உடைமை, ஓட்டுபவன் வாடகைக்கு வைத்திருப்பவன். பதிவுச் சான்றில் அந்த நிறுவனத்தின் பெயரும் ஏறும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 51ஆம் பிரிவு இதற்காகவே உள்ளது. சுவையான செய்தி ஒன்று: வாங்குபவரைப் பாதுகாக்க 1972இல் தவணைக் கொள்முதல் சட்டம் என்று தனியாக ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரு நாளும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் அதை நீக்குவதற்கு இன்னொரு சட்டம் போட்டார்கள்.

அடுத்த படி இன்னும் நெருக்கமானது. 1974இல் சென்னையில் சீட்டு நிறுவனமாகத் தொடங்கியது ஸ்ரீராம் குழுமம். நிறுவியவர்களில் முதன்மையானவர் ஆர். தியாகராஜன், காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர். வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத சிறு லாரிக்காரர்களை, அதிலும் பழைய லாரி வாங்குபவர்களை நம்பி 1979இல் அக்குழுமம் வாகனக் கடனுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. ஓட்டுநர் ஒருவர் லாரி உரிமையாளர் ஆவது அப்படித்தான் சாத்தியமாயிற்று. ஏலச்சீட்டின் பானையும் வண்டியின் சக்கரமும் மறுபடி ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

*

வீட்டுவண்டிக்குத் திரும்புவோம். தென்னாட்டில் அப்படி ஒன்றில் வாழ்ந்து காட்டியவர்களில் புகழ்பெற்றவர் என்.டி. ராமராவ். 1982இல் கட்சி தொடங்கியபோது பழைய செவ்ரோலெ வண்டி ஒன்றை மாற்றியமைத்து 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, மாதக்கணக்கில் அதிலேயே ஆந்திரம் முழுவதும் சுற்றினார். மகன் ஓட்டினார். குளியல் சாலையோரத்தில், உறக்கம் வண்டிக்குள். பெரும் நடிகர் வாங்க முடியாத வண்டியா? ஆயினும் அவர் தேர்ந்தெடுத்தது நாற்பதாண்டுப் பழைய வண்டியை. புதியதை வாங்காமல் பழையதைத் திருத்திக்கொள்வது மூன்றாவது வழி. இன்று ஐரோப்பாவிலும் பழைய தபால் வண்டிகளையும் மருத்துவ ஊர்திகளையும் வாங்கித் தாமே கட்டிலடித்துக்கொள்பவர்கள் பலர்.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே இத்தகைய வண்டிகளுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுக் கடன் கிடைக்கிறது. அதைவிட விந்தை, படுக்கவும் சமைக்கவும் வசதியும் ஒரு கழிப்பறையும் இருந்தால் வருமானவரிச் சட்டத்தின் பார்வையில் வண்டியும் வீடுதான். நிபந்தனைகளுக்கு உட்பட்டு வீட்டுக்கடன் வட்டியைப் போலவே அதன் வட்டிக்கும் கழிவு உண்டு. வீடு என்பதற்கு இத்தனை நறுக்கான இலக்கணத்தை நம் நிகண்டுகளும் தரவில்லை. ஆனால் சட்டம் வீடு என்று சொன்னாலும் சந்தை அப்படிச் சொல்வதில்லை. மண்ணில் நிற்கும் வீட்டின் விலை பெரும்பாலும் ஏறும். சக்கரத்தில் நிற்பதன் விலை கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே இறங்கும். பத்தாம் ஆண்டில் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருப்பது அங்கே அரிதல்ல.

கேரள அரசு 2021இல் வீட்டுவண்டிச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்து, வாங்குபவர்களுக்கு முதலீட்டு மானியமும் தருவதாகச் சொன்னது. அங்கும் வாங்குபவர் தானே வாழ்வதற்காக வாங்குவதில்லை. வாடகைக்கு விட்டுத் தவணை கட்டுவதற்காக வாங்குகிறார். நம் ஊர்களில் இவ்வண்டி அதிகம் காணப்படும் இடம் திரைப்படப் படப்பிடிப்புத் தளம். அதுவும் நாள் வாடகைக்கு வருவதே.

வெளிநாட்டு வண்டி இங்கே நுழைவதற்கு இன்னொரு செலவு உண்டு. 'கார்னே' என்ற சுங்க உறுதிப் பத்திரம். வண்டி நாட்டைவிட்டுத் திரும்பிப் போகும் என்று அவர்கள் நாட்டு மோட்டார் கழகம் உறுதி தருகிறது. போகாவிட்டால் சுங்கத் தீர்வையை அது கட்டவேண்டும். அதனால் கழகம் முன்கூட்டியே உரிமையாளரிடம் பெருந்தொகையை ஈடாக வாங்கிவைக்கிறது. வீட்டை விற்ற தம்பதியர் அதன் மேல் இன்னொரு ஜாமீனையும் கட்டித்தான் புளியமரத்தடிக்கு வந்திருக்கிறார்கள்.

*

இனி எங்கள் வீட்டுப் பதில்.

என் தாத்தாவுக்கு ஒரு வில்வண்டி இருந்தது. மயிலைக் காளைகள் இரண்டு. அவற்றின் கழுத்துமணிச் சத்தம் கேட்டாலே வண்டி யாருடையது என்று ஊர் அறியும் என்று பாட்டி சொல்வாள். அதை வாங்க அவர் குளத்தடியிலிருந்த வயலை ஒற்றி வைத்தார். இரண்டு பூ விளைந்தால் மீட்டுவிடலாம் என்பது கணக்கு. வயல் இல்லாமல் எந்தப் பூ விளையும் என்று பாட்டி கேட்டாளாம். அவர் பதில் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் பேருந்து வந்தது. காளைகளில் ஒன்று நோயில் செத்தது. மற்றதையும் வண்டியையும் கிழக்கே ஒருவருக்கு விற்றார்கள். கிடைத்த பணம் ஒற்றி அசலில் பாதிக்குக்கூடக் காணவில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை மறைந்தது. அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி, சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கிழக்கும் மேற்கும் ஒரே நாடு. வயல் மட்டும் அந்தப்புறத்திலேயே இருந்தது. எண்பதுகளில் ஒரு நாள், பழைய தகரப்பெட்டியிலிருந்து அப்பா ஒற்றிப் பத்திரத்தை எடுத்தார். கொல்லம் ஆண்டும் சக்கரக் கணக்கும் போட்ட பத்திரம். வழக்கறிஞரிடம் கொண்டுசென்றார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒற்றி மீட்க முப்பது ஆண்டு தருகிறது, அது கடந்துவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினாராம். அப்பா பத்திரத்தை மடித்து எடுத்துவந்து அதே பெட்டியில் வைத்தார்.

இதை ஓர் எச்சரிக்கைக் கதையாகச் சொல்லவே நான் தொடங்கினேன். ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாட்டி கடைசிக் காலத்தில் பேசியதெல்லாம் வயலைப் பற்றி அல்ல. திருச்செந்தூருக்கு வண்டி கட்டிப் போனதைப் பற்றித்தான். உவரிக்கு அருகே ஒரு பனந்தோப்பில் இரவு தங்கியது, கூண்டுக்குள் படுத்துக்கொண்டே கடல் இரைச்சலைக் கேட்டது, தாத்தா வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ பாடிக்கொண்டிருந்தது. வயலுக்கு நாங்கள் கொடுத்த விலையை அவள் ஒருபோதும் மன்னிக்கவில்லை. அந்த இரவை ஒருபோதும் மறக்கவுமில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத அவளுக்கு முடிந்திருக்கிறது. எனக்கு இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலை அவ்வழியே சென்றபோது புளியமரத்தடி வெறுமையாக இருந்தது. மண்ணில் அகலமான சக்கரத் தடம். நுங்குக் கூந்தல்களைச் சுத்தமாக ஓரமாகக் குவித்துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேநீர்க்கடையில் முதியவர் அதே மூலையில் இருந்தார். "போயிட்டாவளா?" என்றார். திருச்செந்தூர்ப் பாதை என்றேன். சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல ரோடுதான்" என்றார்.